பூங்காவுக்காகப் பழைய வீட்டில் ஒரு விருந்து: டிக்கெட்டா, மொய்யா?

காலைநடை (இழையைத் தொடங்கியவர்) | ஞாயிறு, இரவு 8.40

எங்கள் குடியிருப்போர் சங்க எல்லைக்குள் மூன்று சிறு பூங்காக்கள் இருக்கின்றன. பூங்கா என்பது பத்திரத்தில் உள்ள பெயர். ஒன்றில் ஊஞ்சலின் சங்கிலி மட்டும் தொங்குகிறது. இன்னொன்றில் மரங்கள் உண்டு, குழாய் கிடையாது. மூன்றாவதில் குழாய் உண்டு, மரம் கிடையாது.

மதுரையில், வைகைக்கு வடக்கே எங்கள் பகுதியில் ஒரு பழைய வீடு இருக்கிறது. 1920களில் ஒரு வக்கீல் கட்டியது. சுற்றிலும் தோட்டம், கல் கட்டிய கிணறு, வாசலில் இரண்டு ஆள் கட்டிப்பிடிக்கும் பருமனில் ஒரு வேம்பு. தை மாதம் ஒரு மாலை மட்டும் தோட்டத்தைத் தர வீட்டுக்காரர்கள் சம்மதித்துவிட்டார்கள். 150 பேர், தலைக்கு 1,000 ரூபாய் டிக்கெட், சிற்றுண்டி, நாகசுரம், வீட்டைச் சுற்றிப் பார்க்கலாம். செலவு போக மிஞ்சுவது பூங்காக்களுக்கு.

சங்கக் கூட்டத்தில் பாதிப் பேர் கை தட்டினார்கள். மீதிப் பேர் "இதெல்லாம் வெள்ளைக்காரன் பழக்கம்" என்று எழுந்து போய்விட்டார்கள். உங்கள் எண்ணத்தைச் சொல்லுங்கள்.

தெப்பக்குளத்தான் | ஞாயிறு, இரவு 9.05

எழுந்து போனவர்கள் பக்கம்தான் நானும். சொத்து வரி கட்டுகிறோம். அதற்கு மேல் ஆயிரம் ரூபாய் கொடுத்து, தட்டைக் கையில் பிடித்துக்கொண்டு, நின்றபடி வடை தின்ன வேண்டுமா?

பூங்காவில் உட்காருகிறவர் யார் என்று யோசித்தீர்களா? பிற்பகல் வெயிலுக்கு ஒதுங்கும் கட்டடத் தொழிலாளி. பள்ளி விட்டு வரும் பிள்ளை. மருமகளோடு மனத்தாங்கல் வந்து, வீட்டில் இருக்கப் பிடிக்காமல் வெளியே வந்த மாமனார். இவர்களில் ஒருவர்கூட உங்கள் விருந்துக்கு வர மாட்டார். வருகிறவர்களில் ஒருவர்கூட அந்தப் பூங்காவில் உட்கார மாட்டார்.

விளக்குத்தூண் | ஞாயிறு, இரவு 9.50

வெள்ளைக்காரன் பழக்கம் என்று சொன்னவர்களுக்கு மட்டும் ஒரு பதில். தமுக்கம் யார் கட்டியது? 1689 முதல் 1704 வரை ஆண்ட ராணி மங்கம்மாளின் கோடை மாளிகை அது. யானைச் சண்டையும் விளையாட்டுகளும் பார்க்க அமைத்த இடம். பிறகு கலெக்டர்கள் குடியிருந்தார்கள். 1959 ஏப்ரல் 15 அன்று நேரு அங்கே காந்தி அருங்காட்சியகத்தைத் திறந்துவைத்தார். புது மண்டபம்? கோடையில் சாமி குளிர்ச்சியாக இருக்கட்டும் என்று, சுற்றிலும் நீர் தேக்கி வசந்த விழா நடத்தவே திருமலை நாயக்கர் கட்டினார். ஆக, தோட்டத்து விருந்து இந்த ஊருக்குப் புதிதில்லை. முதல் விருந்தாளியே சொக்கநாதர்தான்.

கூட்டாகப் பொது வேலை செய்வதும் புதிதில்லை. 1840களில் கலெக்டர் பிளாக்பர்ன் கோட்டைச் சுவரை இடித்தபோது, இடித்து அகழியைத் தூர்ப்பவருக்கே அந்த மனை என்று சொல்லித்தான் வேலையை முடித்தார். மாரட் வீதி, பெருமாள் மேஸ்திரி வீதி எல்லாம் அந்த வேலையை மேற்பார்த்தவர்களின் பெயர்கள்.

தெப்பக்குளத்தான் | ஞாயிறு, இரவு 9.58

அண்ணே, இடித்தவனுக்கு மனை கிடைத்தது. எனக்கு வடைதானே கிடைக்கும்?

செக்கானூரணி மல்லி | திங்கள், காலை 6.30

டிக்கெட் என்ற சொல்தான் இங்கே உறுத்துகிறது என்று நினைக்கிறேன். எங்கள் பக்கம் கல்யாணம், காதுகுத்து எதற்கும் செய்முறை உண்டு. வாசலில் ஒரு மேசை. இருவர் உட்கார்ந்திருப்பார்கள். ஒருவர் எண்ணுவார், ஒருவர் நீளக் கணக்கு நோட்டில் எழுதுவார். பெயர், ஊர், தொகை. மைக்கில் வாசிப்பதும் உண்டு. இருநூறு வைத்தவரும் இருபதாயிரம் வைத்தவரும் ஒரே பந்தியில், ஒரே இலையில் சாப்பிடுவார்கள். புதுக்கோட்டை, தஞ்சாவூர்ப் பக்கம் ஆடி மாதத்தில் மொய் விருந்து என்றே நடத்துகிறார்கள். கடனில் இருப்பவர் எழுந்து நிற்க ஊரே கைகொடுக்கும் ஏற்பாடு அது.

எனவே டிக்கெட் வேண்டாம். மொய் மேசை போடுங்கள். முடிந்தவர் முடிந்ததை வைக்கட்டும். தெப்பக்குளத்து அண்ணன் சொன்ன மாமனாரும் வருவார், ஐம்பது ரூபாய் வைத்து உரிமையோடு சாப்பிடுவார்.

ஆனால் ஒன்றை மறந்துவிடாதீர்கள். மொய் தானம் இல்லை, கடன். நான் உங்கள் வீட்டில் வைத்தது என் வீட்டு விசேஷத்தில் திரும்பி வர வேண்டும். வராவிட்டால் நோட்டை எடுத்துப் பார்ப்போம். பூங்கா எப்படித் திருப்பிச் செய்யும்? இதற்குப் பதில் இல்லாமல் மேசை போடாதீர்கள்.

மேலமாசி | திங்கள், காலை 7.15

பழைய வீடு என்றதும் தோட்டமுள்ள பங்களாவுக்கே ஏன் ஓடுகிறோம்? மாசி வீதி வீடுகளில் முற்றம்தான் உண்டு, தோட்டம் ஏது? இந்த ஊரின் பெருமைக்குரிய வீடு மேலமாசி வீதி 251ஏ. 1921 செப்டம்பர் 22 அன்று காந்தி அந்த மாடியிலிருந்துதான் அரையாடையோடு இறங்கி வந்தார். கீழே இப்போது கதர்க் கடை. அந்த வீட்டை மனத்தில் வைத்துக்கொண்டு உங்கள் ஆயிரம் ரூபாய் டிக்கெட்டைப் பார்த்தேன். மல்லி அக்கா சொன்ன மேசைக்கே என் ஓட்டு.

சுண்ணாம்புக்காரை | திங்கள், பகல் 1.20

பழைய வீடுகளைப் பழுது பார்ப்பது என் தொழில். விருந்தைவிட வீட்டைப் பற்றித்தான் எனக்குக் கவலை.

அந்தக் காலத்து வீடு என்றால் மாடி மெட்ராஸ் தளமாக இருக்கும். தேக்கு விட்டங்களின் மேல் செங்கலைக் குத்துக்காலில் நிறுத்திச் சுண்ணாம்புக் காரை போட்டது. நான்கு பேர் நின்று நிலாப் பார்க்க நூறு வருடம் தாங்கும். ஐம்பது பேர் ஒரே மூலையில் நின்று படம் எடுக்கத் தாங்காது. விட்டத்தின் முனை சுவருக்குள் புதைந்திருக்கும், கரையான் அரித்திருப்பது வெளியே தெரியாது. மாடிப்படியில் கயிறு கட்டுங்கள். "அனுமதி இல்லை" என்று பலகை வைத்தால் போதாது, ஒரு ஆளையும் நிறுத்துங்கள்.

தரை ஆத்தங்குடிக் கல் என்றால் இன்னும் கவனம் தேவை. அது சூளையில் சுட்ட ஓடு இல்லை. கண்ணாடிப் பலகை மேல் வண்ணம் ஊற்றி, மணலும் சிமெண்டும் நிரப்பி, நீரில் ஊறவைத்து எடுப்பது. சாம்பார் சிந்தினால் மஞ்சள் கறை உள்ளே இறங்கும். கறையை எடுக்க யாராவது ஆசிட் ஊற்றினால் கல்லின் ஆயுள் அன்றோடு சரி. ஒரு வீட்டில் கல்யாணம் முடிந்த மறுநாள் இதைக் கண்ணால் பார்த்தேன். தாமரைப் பூ வடிவம் போட்ட கூடம், நடுவில் வெள்ளையாக வெந்துபோன ஒரு திட்டு. அந்த வீட்டுப் பெரியம்மா அதன் மேல் பாயைப் போட்டு மறைத்துக்கொண்டு வாழ்கிறார்.

சாப்பாடு வீட்டுக்குள் வேண்டாம். அடுப்பு மரத்தடியிலும் வேண்டாம்.

பந்தல் வீடு | திங்கள், மாலை 4.00

சார் சொன்னதோடு ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். எங்கள் அப்பா காலத்திலிருந்து பந்தல் தொழில். இப்போது எல்லாரும் சாமியானா கேட்கிறார்கள். அதற்கு இரும்பு முளையைச் சம்மட்டியால் அடித்து இறக்குவார்கள். மரத்துக்குப் பக்கத்தில் அடித்தால் வேர் போய்விடும். சீரியல் விளக்கு மாட்ட மரத்தில் ஆணி அடிப்பார்கள். பூங்காவுக்காக நடக்கும் விருந்தில் வேம்பின் உடம்பில் நூறு ஆணி இருந்தால் நன்றாகவா இருக்கும்? சவுக்குக் கழியும் கயிறும் போதும். தை மாதத்து மாலைக்குக் கூரையே தேவையில்லை, பனிக்கு வேண்டுமானால் ஒரு ஓரமாகத் தென்னங்கீற்று போட்டுத் தருகிறேன்.

அந்த வீட்டுப் பேத்தி | திங்கள், இரவு 10.45

இரண்டு நாளாகப் படித்துவிட்டுச் சும்மா இருந்தேன். அது எங்கள் வீடு.

முதலில் ஒரு விளக்கம். பங்களாக்காரர்கள் பெருமைக்காகத் திறக்கிறார்கள் என்று எண்ண வேண்டாம். போன ஐப்பசி மழையில் மேற்கு அறையில் அண்டா, வாளி, குக்கர் என்று ஏழு பாத்திரம் வைத்தோம். ஒவ்வொன்றிலும் சொட்டும் சத்தம் வேறு வேறாக இருக்கும். என் மகன் அதைக் கேட்டுக்கொண்டே தூங்கிவிடுவான், எனக்குத்தான் தூக்கம் வராது. வீட்டை இடித்து அடுக்குமாடி கட்டலாம் என்று வாரம் ஒருவர் கதவைத் தட்டுகிறார்.

சம்மதித்தது என் அம்மா. காரணம் கேட்டேன். "பூட்டி வைத்தால் கரையான்தான் விருந்துக்கு வருகிறது. மனிதர்கள் வந்துவிட்டுப் போகட்டும்" என்றார். தாத்தா காலத்தில் சித்திரைத் திருவிழாவுக்கு அழகர் தல்லாகுளம் வரும்போது, கிராமத்திலிருந்து மாட்டு வண்டி கட்டி வந்தவர்கள் எங்கள் கிணற்றடியில்தான் சமைப்பார்களாம். நீர்மோர்ப் பானை வைத்த கல்மேடை இன்னும் வேம்படியில் இருக்கிறது. யாரும் டிக்கெட் வாங்கிக்கொண்டு வரவில்லை. அதனால் மேசை யோசனை அம்மாவுக்குப் பிடித்திருக்கிறது.

எங்கள் நிபந்தனைகள்: மாடிக்கு யாரும் போகக் கூடாது. தரை ஆத்தங்குடிக் கல்தான், செருப்பை வாசலில் விட வேண்டும். கழிப்பறை வீட்டுக்குள் ஒன்றே ஒன்று, அதுவும் தாத்தா காலத்துத் தாழ்ப்பாள். வெளியே தற்காலிகமாக ஏற்பாடு செய்யுங்கள். பத்து மணிக்கு மேல் ஒலிபெருக்கிக்குச் சட்டமே தடை போடுகிறது, நாங்கள் ஒன்பதரைக்கே நிறுத்துவோம், பக்கத்து வீட்டில் பிளஸ் டூ படிக்கும் பெண் இருக்கிறாள்.

தணிக்கையாளர் | செவ்வாய், காலை 8.10

பணத்தைப் பற்றி யாரும் பேசவில்லையே.

முதல் விஷயம்: சாப்பாட்டுக்கு வாங்கும் டிக்கெட் விலை வேறு, நன்கொடை வேறு. சங்கத்துக்கு வருமான வரித் துறையின் நன்கொடைப் பதிவு (80ஜி என்று சொல்வார்கள்) இருந்தால்தான் நன்கொடைக்கு வரிச்சலுகை. ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தால் அதுவும் கிடையாது. ரசீதில் இதை மழுப்பாதீர்கள்.

இரண்டாவது: கையில் சேர்ந்ததைக் கொண்டுபோய் நீங்களாகவே ஊஞ்சல் வாங்கி நட முடியாது. இடம் மாநகராட்சியுடையது. பெரிய மனைப்பிரிவு போடும்போது சாலை போக மீதியில் பத்தில் ஒரு பங்கைப் பொது ஒதுக்கீட்டு இடமாகத் தானப் பத்திரம் எழுதி உள்ளாட்சியிடம் ஒப்படைக்க வேண்டும். உங்கள் மூன்றும் அப்படி வந்தவையாகத்தான் இருக்கும். பத்திர நகலை முதலில் கையில் வாங்குங்கள். வேலி இல்லாத இடம் விருந்து முடிவதற்குள் வேறொருவர் கார் நிறுத்துமிடமாக மாறிவிடும்.

மூன்றாவது: தமிழ்நாடு அரசின் 'நமக்கு நாமே' திட்டம். மக்கள் மூன்றில் ஒரு பங்கு செலுத்தினால் மீதியை அரசு போடும். ஒரு லட்சம் கட்டினால் மூன்று லட்சத்துக்கு வேலை. குழாய், வேலி, ஊஞ்சல், நடைபாதை எல்லாவற்றையும் அதில் கேளுங்கள். மதிப்பீடு, ஒப்பந்தம் என்று நாளாகும், பொறுமை வேண்டும்.

வண்டியூர்க் கண்மாய் | செவ்வாய், காலை 9.00

நாளாகட்டும், பரவாயில்லை. வேலை முடிந்த பிறகு என்ன என்பதுதான் என் கேள்வி.

எங்கள் தெருவிலும் ஒரு பூங்கா திறந்தார்கள். வாழைமரம் கட்டி, நாடா வெட்டி, கேசரி கொடுத்து. புல்தரை போட்டார்கள், பச்சைக் கம்பளம் மாதிரி இருந்தது. பங்குனி பிறந்தது. புல் ஒரு நாளைக்குக் குடிக்கும் தண்ணீர் ஒரு குடும்பத்துக்கே காணும். லாரித் தண்ணீர் இரண்டு வாரம் வந்தது, பிறகு நின்றது. சித்திரையில் அந்தப் புல்லின் மேல் நடந்தால் அப்பளம் நொறுங்குகிற சத்தம் கேட்டது. இது இட்டுக்கட்டியது இல்லை, என் பேரன் அந்தச் சத்தத்துக்காகவே குதித்துக் குதித்து விளையாடினான். திறப்பு விழாக் கல்வெட்டு மட்டும் இன்றும் பளபளப்பாக இருக்கிறது.

எல்லாரும் கல்லுக்குக் கொடுக்கிறார்கள். குடத்துக்குக் கொடுக்க ஆளில்லை. விருந்தில் சேரும் பணத்தில் ஒரு பகுதியை இரண்டு கோடைக்குத் தண்ணீர் ஊற்றும் ஆளின் கூலிக்கு என்று முதலிலேயே ஒதுக்கிவிடுங்கள். புல் வேண்டாம். புங்கன், வேம்பு, மகிழம், மருது வையுங்கள். கன்றுக்குப் பக்கத்தில் அடியில் துளையிட்ட மண்பானையைப் புதைத்து, துளையில் திரி போட்டு நீர் நிரப்பினால் கசிந்து வேருக்குப் போகும். இரண்டு கோடை தாண்டிவிட்டால் மரம் தன்னைத்தானே பார்த்துக்கொள்ளும்.

மேலமாசி | செவ்வாய், காலை 9.12

கடம்பு? கடம்பவனம் என்று பெயர் வைத்துக்கொண்டு, காய்ந்த அடிமரத்தைக் கோயிலுக்குள் பாதுகாத்து வைத்திருக்கும் ஊர் நாம்.

வண்டியூர்க் கண்மாய் | செவ்வாய், காலை 9.20

குழாய் உள்ள பூங்காவில் ஒன்று வையுங்கள். அதற்கு ஈரம் வேண்டும்.

செக்கானூரணி மல்லி | செவ்வாய், காலை 9.40

கண்மாய் ஐயா, என் கேள்விக்குப் பதில் உங்களிடம் இருந்திருக்கிறது. பூங்கா திருப்பிச் செய்யும் மொய் நிழல் என்று கவிதை பாட நான் தயாரில்லை. அடுத்த வருடம் அதே வேம்படியில், அதே மைக்கில், எந்தக் கன்று உயிரோடு இருக்கிறது, எது காய்ந்தது, யாருக்கு எவ்வளவு கூலி கொடுத்தோம் என்று நோட்டைப் பார்த்து வாசியுங்கள். அதுதான் திருப்பிச் செய்வது.

இன்னொன்று. வருகிறவர்களுக்கெல்லாம் மல்லிகைப் பூ கொடுப்பதாகக் காலைநடை சார் வேறொரு இடத்தில் எழுதியிருந்தார். மதுரை மல்லிக்கு 2013இல் புவிசார் குறியீடு கிடைத்தது உண்மைதான், ஆனால் பனிக்காலத்தில் செடி மிகக் குறைவாகவே பூக்கும். தை மாதம் கிலோ ஆயிரக்கணக்கில் போகும். பூவுக்கே மொய் தீர்ந்துவிடும். நான் பூ விற்பவள் வீட்டுப் பெண், நானே சொல்கிறேன், வேண்டாம்.

தெப்பக்குளத்தான் | செவ்வாய், இரவு 8.30

சரி. டிக்கெட் போய்விட்டது, பந்தி வந்துவிட்டது, தண்ணீர் ஊற்றும் ஆளும் வந்துவிட்டார். இனி எதிர்க்க எனக்கு ஒன்றும் மிச்சமில்லை. பருத்திப்பால் உண்டா?

காலைநடை | தை கடைசி வாரம், திங்கள், காலை 7.00

நேற்று நடந்து முடிந்தது. உடம்பு வலி, ஆனாலும் கணக்கை முதலில் எழுதிவிடுகிறேன்.

மொய்யாக வந்தது 1,31,450 ரூபாய். பந்தல், சமையல், நாகசுரம், கழிப்பறை வாடகை எல்லாம் சேர்த்து 46,300. கையில் 85,150. இதில் 50,000 நமக்கு நாமே பங்காகக் கட்டுகிறோம், ஒன்றரை லட்சத்துக்குக் குழாயும் வேலியும் ஊஞ்சலும் கேட்டு மனு தயார். மாசி முதல் ஆனி வரை ஐந்து மாதம் தண்ணீர் ஊற்ற மாதம் 2,500 வீதம் இரண்டு கோடைக்கு 25,000. மீதி 10,150இல் பானை, கன்று, ரப்பர் குழாய்.

150 பேர் என்று நினைத்தோம், இருநூறைத் தாண்டியது. ஜிகர்தண்டா எட்டு மணிக்கே தீர்ந்துவிட்டது. கடைசியாக வந்தவர்களுக்கு நன்னாரி சர்பத்தும் கடல்பாசியும் மட்டும் கிடைத்தன, பால் இல்லை. பணியாரச் சட்டி ஒன்றுதான் கொண்டுவந்திருந்தார்கள், அந்த வரிசையில் நின்றே பலர் நண்பர்களாகிவிட்டார்கள்.

ஒரு சங்கடம். விருந்தாளிகள் வருகிறார்களே, தோட்டம் பச்சையாகத் தெரியட்டும் என்று தோட்டக்காரர் பிற்பகல் மூன்று மணிக்குக் கிணற்றுத் தண்ணீரைப் பாய்ச்சிவிட்டார். நல்லெண்ணம்தான். பிளாஸ்டிக் நாற்காலியின் பின்கால் இரண்டும் மண்ணுக்குள் இறங்கி, எங்கள் சங்கத் தலைவர் பேசிக்கொண்டிருக்கும்போதே மெல்ல மெல்லப் பின்னால் சாய்ந்தார். பேச்சை மட்டும் நிறுத்தவில்லை. வானத்தைப் பார்த்தபடியே நன்றியுரையை முடித்தார்.

அந்த வீட்டுப் பேத்தி | அதே நாள், காலை 7.40

மாடிப்படியில் காவல் நின்றது என் மகன். நாற்பது பேரைத் திருப்பி அனுப்பியிருக்கிறான், அதில் சுண்ணாம்புக்காரை சாரும் ஒருவர்.

சுண்ணாம்புக்காரை | அதே நாள், காலை 8.15

விட்டத்தின் முனையை மட்டும் பார்க்கலாம் என்றுதான் போனேன். "தாளில் உங்கள் பெயர் இல்லை" என்றான். சரியான பையன். வேறொரு நாள் வருகிறேன், மேற்கு அறைக் கூரையையும் சேர்த்துப் பார்த்துவிடுகிறேன். கூலி வேண்டாம், மொய்யாக எழுதிக்கொள்ளுங்கள்.

செக்கானூரணி மல்லி | அதே நாள், காலை 8.50

மேசையில் எழுதியது நானும் தணிக்கையாளரும். அவர் ஒவ்வொரு நோட்டையும் விளக்கில் பிடித்துப் பார்த்ததால் வரிசை கேட் வரை நீண்டது. ஏழாம் வகுப்புச் சீருடையில் ஒரு சிறுவன் இருபது ரூபாய் கொடுத்தான். பெயர் கேட்டேன், "மைக்கில் வாசிப்பீர்களா?" என்று திருப்பிக் கேட்டான். வாசித்தோம். அவனுடைய தாத்தா கடைசிப் பந்தியில் உட்கார்ந்திருந்தார், இலையில் சாப்பாடு அப்படியே இருக்க எழுந்து நின்றுவிட்டார்.

தெப்பக்குளத்தான் | அதே நாள், காலை 9.30

பருத்திப்பால் இரண்டு டம்ளர். குறை சொல்ல முடியாது. மூன்றாவது பூங்காவில் இன்றே பானை புதைக்கலாம் என்று போனேன். குழாயைச் சுற்றி இரும்புப் பெட்டி அடித்துப் பூட்டியிருக்கிறார்கள். சாவி யாரிடம்?

காலைநடை | அதே நாள், காலை 9.45

சங்க அலுவலகத்தில் கேட்டேன், அங்கே இல்லை. முன்னாள் செயலாளர் வீட்டிலும் இல்லை.

வண்டியூர்க் கண்மாய் | அதே நாள், காலை 10.05

பக்கத்துத் தேநீர்க் கடையில் கேளுங்கள்.

தெப்பக்குளத்தான் | அதே நாள், காலை 10.30

அங்கேதான் இருந்தது. சர்க்கரை டப்பாவுக்குப் பின்னால். கடைக்காரர் தினமும் இரண்டு குடம் பிடித்துக்கொள்கிறாராம், அதற்குக் கைம்மாறாகக் கன்றுகளுக்குக் காலையில் தானே ஊற்றுவதாகச் சொல்கிறார். சரி என்று சொல்லிவிட்டேன். சங்கம் கோபித்துக்கொண்டால் என்னிடம் அனுப்புங்கள். ஆறு பானை புதைத்தாயிற்று, திரிக்குப் பழைய வேட்டி தேவைப்படுகிறது.